‘யாட் ராக்’ பார்க்கப் போகிறவர்களுக்கு: எது புளுகு, எது நிஜம்

2005-இல் லாஸ் ஏஞ்சலிஸில் சில நண்பர்கள் கூடி, கையில் பெரிதாகக் காசில்லாமல் எடுத்த நகைச்சுவைத் தொடர் ‘யாட் ராக்’. ‘யாட்’ என்றால் உல்லாசப் படகு. மொத்தம் 12 எபிசோட். பெரும்பாலானவை ஐந்து நிமிடத்தை ஒட்டித்தான் இருக்கும். 1970-களின் பிற்பகுதியிலும் 80-களின் தொடக்கத்திலும் அமெரிக்க வானொலியை நிறைத்துக்கொண்டிருந்த மென்மையான ராக் பாட்டுகள் எப்படிப் பிறந்தன என்பதுதான் கதை. மைக்கேல் மெக்டொனால்ட், கென்னி லாகின்ஸ், கிறிஸ்டோஃபர் கிராஸ், ஸ்டீலி டான், டோட்டோ, ஹால் அண்ட் ஓட்ஸ், ஈகிள்ஸ் ஆகிய குழுக்களின் ஆட்கள், மைக்கேல் ஜாக்சன் என்று எல்லாரும் சொந்தப் பெயரிலேயே பாத்திரங்களாக வருவார்கள். நடிப்பது மட்டும் வேறு ஆட்கள். ஒட்டுத் தாடி, மலிவான விக், பூப்போட்ட சட்டை.

ஆங்கிலப் பாட்டு கொஞ்சம் கேட்கிற நம் ஆட்கள் பலருக்குக்கூட இதில் பாதிப் பெயர்கள் பிடிபடாது. பெயர் தெரியாவிட்டால் ஜோக்கும் பிடிபடாது. யாரோ தாடிக்காரர்கள் படகுத்துறையில் நின்று கத்திக்கொண்டிருப்பதாகத் தெரியும். இரண்டாவது எபிசோடோடு மூடிவைத்துவிடுவீர்கள். அதைத் தவிர்க்கத்தான் இந்த வழிகாட்டி.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தத் தொடர் மனிதர்களின் குணத்தைப் பற்றிச் சொல்வதில் பெரும்பகுதி புளுகு. ஆனால் யார் யாரோடு சேர்ந்து வேலை செய்தார்கள், எந்தப் பாட்டில் யாருடைய கை இருக்கிறது என்ற விஷயத்தில் ஆச்சரியப்படுகிற அளவுக்கு நேர்மையானது. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கப் பழகிவிட்டால் தொடரும் சுவைக்கும், பாட்டும் சுவைக்கும்.

பார்ப்பதற்கு முன்னால் மூன்று பாட்டு

தொடரைப் போடும் முன் மூன்றே மூன்று பாட்டு கேளுங்கள். அதற்கு மேல் வேண்டாம், பரீட்சைக்குப் படிப்பதுபோல ஆகிவிடும்.

முதலாவது, மெக்டொனால்ட் பாடிக்கொண்டிருந்த டூபி பிரதர்ஸ் குழுவின் ‘வாட் எ ஃபூல் பிலீவ்ஸ்’. மெக்டொனால்டும் லாகின்ஸும் சேர்ந்து எழுதியது. 1979 ஏப்ரலில் அமெரிக்கப் பட்டியலில் முதலிடம் போனது. 1980 கிராமி விழாவில் ஆண்டின் சிறந்த பதிவு, ஆண்டின் சிறந்த பாடல் என்ற இரண்டு பெரிய விருதுகளையும் வாங்கியது. தொடக்கத்தில் கீபோர்டு துள்ளித் துள்ளி வரும் தாளத்தைக் கவனித்து வையுங்கள். அந்தத் துள்ளலைத்தான் பிறகு ஆளாளுக்குக் கடன் வாங்கினார்கள்.

இரண்டாவது, கிறிஸ்டோஃபர் கிராஸின் ‘ரைட் லைக் த விண்ட்’. பல்லவியில் பின்னாலிருந்து ஒரு கனத்த ஆண் குரல் பதில் சொல்லும். அது மெக்டொனால்ட். ஒரு தடவை அந்தக் குரலை அடையாளம் கண்டுகொண்டால் அப்புறம் அந்தக் காலத்துப் பாட்டுகளில் எங்கே திரும்பினாலும் அவர் நிற்பார்.

மூன்றாவது, ஸ்டீலி டானின் ‘பெக்’. 1977-இல் வந்த ‘ஏஜா’ ஆல்பத்தில் இருக்கிறது. இதிலும் பின்குரல் யார் என்று நான் சொல்லப் போவதில்லை. இரண்டாவது பாட்டை ஒழுங்காகக் கேட்டிருந்தால் நீங்களே சொல்லிவிடுவீர்கள்.

முதல் எபிசோடை இரண்டு தடவை

யூடியூபில் தேடினால் தொடர் கிடைக்கும். குழந்தைகளையும் பெரியவர்களையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு போடாதீர்கள். கெட்ட வார்த்தை தாராளமாகப் புழங்கும்.

முதல் தடவை பார்க்கும்போது ஒன்றும் யோசிக்க வேண்டாம். ஒவ்வொரு எபிசோடின் தொடக்கத்திலும் ‘ஹாலிவுட்’ ஸ்டீவ் என்று ஒருவர் வந்து, தொலைக்காட்சி ஆவணப்படத் தொகுப்பாளரின் தோரணையில் முன்னுரை சொல்வார். 1976 முதல் 1984 வரை வானொலியில் மெல்லிசைதான் ஆட்சி செய்தது என்று அவர் போடுகிற எல்லைக்கோடுதான் தொடரின் காலம். அவர் பெயர் ஸ்டீவ் ஹ்யூயி. ஆல்மியூசிக் தளத்தில் நிஜமாகவே ஆல்பம் விமர்சனம் எழுதியவர். தொடரில் வரும் மிகப் பெரிய கிண்டல் இதுதான் என்பேன்: உண்மையான விமர்சகர் ஒருவர் உட்கார்ந்து முகம் மாறாமல் பொய்க்கதைக்கு முன்னுரை வழங்குகிறார்.

இன்னொன்று. நம் மேடை மிமிக்ரிபோல, குரலும் உடல்மொழியும் அச்சாக இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். ஜே.டி. ரைஸ்னர்தான் தொடரின் சூத்திரதாரி, மெக்டொனால்டாக நடிப்பவரும் அவரே. ஹண்டர் ஸ்டேர், லாகின்ஸாக வருகிறார். இரண்டு பேரும் மூலக்காரர்களை நகலெடுக்க முயலவே இல்லை. தாடி இருந்தால் போதும் என்று விட்டுவிட்டார்கள். அந்த அலட்சியமே சிரிப்புக்குப் பாதிக் காரணம்.

இரண்டாவது தடவை பார்க்கும்போது கதைக்கு ஒரு கண், உண்மைக்கு ஒரு கண் வையுங்கள். கதையில், ஹிட் கொடுத்தே ஆகவேண்டும் என்ற நெருக்கடியில் மெக்டொனால்ட் தவிக்கிறார், லாகின்ஸ் துணை நிற்கிறார், பாட்டு பிறக்கிறது. நிஜத்தில் நடந்ததாக லாகின்ஸ் பல தடவை சொல்லியிருப்பது வேறு. பாட்டெழுதலாம் என்று மெக்டொனால்டின் வீட்டுக்குப் போயிருக்கிறார். கதவைத் தட்டும் முன் உள்ளே பியானோவில் ஒரு மெட்டு கேட்கிறது. பாதியில் நிற்கிறது. நின்ற இடத்திலிருந்து அது எப்படிப் போகும் என்று வாசலிலேயே இவர் மனத்துக்குள் ஓடத் தொடங்கிவிட்டதாம். கற்பனைக் கதையைவிட நிஜக் கதைதான் சினிமாத்தனமாக இருக்கிறது. இந்தத் தொடரைப் பின்தொடர்ந்து போகிறவர்களுக்கு இந்த அனுபவம் திரும்பத் திரும்ப வரும்.

கூடவே ஒரு துணுக்கு: அந்தப் பாட்டை முதலில் ஆல்பத்தில் வெளியிட்டது டூபி பிரதர்ஸ் இல்லை. லாகின்ஸ் தன் 1978 ஆல்பமான ‘நைட்வாட்ச்’சில் முந்திக்கொண்டார். அதையும் கேட்டுப் பாருங்கள். அதே மெட்டு, ஆனால் அந்தத் துள்ளல் குறைவு.

யார் நிஜம், யார் கற்பனை

பாத்திரங்களை மூன்று கூறாகப் பிரித்துக்கொள்ளலாம்.

முழுக் கற்பனை: கோகோ கோல்ட்ஸ்டீன். கப்பல் கேப்டன் தொப்பி போட்டுக்கொண்டு, பாடகர்களை மிரட்டியும் உற்சாகப்படுத்தியும் மென்மையான பாட்டுகளைக் கறந்தெடுக்கும் குருநாதர். அப்படி ஒருவர் இருந்ததே இல்லை. கூகுளில் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். தொடரின் தொடக்கத்திலேயே இறந்தும் போவார்.

பெயரும் தொழிலும் நிஜம், குணம் கற்பனை: ஏறக்குறைய மற்ற எல்லாருமே. மெக்டொனால்ட் இங்கே கலைக்காக உருகும் நல்லவர். லாகின்ஸ் நண்பனை விட்டு ராக் இசையின் பக்கம் கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்கிறவர். கிராஸ் கூச்ச சுபாவமுள்ள புதுப் பையன். இந்தக் குணங்களை அவர்கள் பாட்டின் ஒலியிலிருந்து பிழிந்தெடுத்திருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். லாகின்ஸின் பாட்டுகள் நிஜமாகவே மாறின. 1979-இல் மெக்டொனால்டோடு சேர்ந்து ‘திஸ் இஸ் இட்’ எழுதிய மனிதர்தான், 1984-இல் ‘ஃபுட்லூஸ்’, 1986-இல் ‘டேஞ்சர் ஸோன்’ என்று சினிமாவுக்கு முழங்கும் பாட்டுகளைப் பாடினார். அந்த இசை மாற்றத்தை ஒரு நட்பு முறிகிற கதையாக எழுதிவிட்டார்கள். முறிவு பொய், மாற்றம் நிஜம்.

மூன்றாவது கூறு, சம்பவமே நிஜம். இது எண்ணிக்கையில் குறைவு, ஆனால் இதுதான் ருசி. அதற்குத் தனியாக வருகிறேன்.

நிஜ மனிதர்களை இப்படிப் பெயர் சொல்லிக் கேலி செய்யலாமா, வழக்குப் போடமாட்டார்களா என்று கேட்பவர்கள் உண்டு. அமெரிக்காவில் பொதுவாழ்வில் இருப்பவர்களைப் பற்றிய கேலிச்சித்திரத்துக்கு அரசியல் சட்டப் பாதுகாப்பு வலுவாக இருக்கிறது. 1988-இல் ஹஸ்ட்லர் பத்திரிகை வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அப்படித் தீர்ப்புச் சொன்னது. யாரும் உண்மை என்று நம்பாத அளவுக்கு அபத்தமாக இருப்பதுதான் அந்தப் பாதுகாப்பின் அடிப்படை. கோகோ கோல்ட்ஸ்டீனின் தொப்பியைப் பார்த்து யார்தான் நம்பப் போகிறார்கள்?

சண்டைகளை எவ்வளவு நம்பலாம்

தொடரில் இரண்டு பெரிய பகை வரும். ஒன்று, ஈகிள்ஸுக்கும் ஸ்டீலி டானுக்கும். ஈகிள்ஸ் பள்ளிக்கூடத்து முரட்டுப் பையன்கள். ஸ்டீலி டான் அடிவாங்கும் கண்ணாடிக்காரப் படிப்பாளிகள். அடிதடி சுத்தப் புளுகு. ஆனால் இரண்டு குழுவும் பாட்டு வழியே ஒருவரையொருவர் சீண்டியது நிஜம். 1976-இல் வந்த ஒரு ஸ்டீலி டான் பாட்டில், சண்டை போடும் தம்பதி ஈகிள்ஸ் பாட்டின் சத்தத்தைக் கூட்டி வைக்கச் சொல்கிறார்கள், அக்கம்பக்கத்தில் கேட்கிறார்களாம். அதே ஆண்டின் கடைசியில் வந்த ‘ஹோட்டல் கலிஃபோர்னியா’வில் ‘ஸ்டீலி’ என்ற சொல் கத்தியோடு சேர்ந்து வருகிறது இல்லையா, அது அதற்கான பதில். பகைகூட இல்லை, செல்லச் சீண்டல்தான். 1978-இல் ஸ்டீலி டானின் ‘எஃப்எம்’ பாட்டுக்கு ஈகிள்ஸ் ஆட்களே வந்து பின்குரல் பாடிக் கொடுத்திருக்கிறார்கள். தொடர் இந்த மூன்று உண்மைகளையும் எடுத்து, நடுவில் ஒரு பள்ளிக்கூட ரவுடிக் கதையைச் சொருகிவிட்டது. அந்தப் பாட்டுகளை ஏற்கெனவே தெரிந்தவர்களுக்கு அந்த எபிசோட் விருந்து. தெரியாதவர்களுக்கு வெறும் கூச்சல்.

இரண்டாவது பகை, கலிஃபோர்னியாக்காரர்களுக்கும் ஹால் அண்ட் ஓட்ஸுக்கும். இவர்கள் இருவரும் ஃபிலடெல்ஃபியா சோல் இசையிலிருந்து வந்தவர்கள்; மேற்குக் கரைக் கூட்டத்தோடு அவர்களுக்குப் பெரிய ஒட்டுறவு கிடையாது. அந்த வெளியாள் தன்மையை வில்லத்தனமாக்கிவிட்டார்கள். தொடரில் ஜான் ஓட்ஸ்தான் வாயைத் திறந்தால் வசைபாடும் முரடர். டேரில் ஹால் அவருக்கு அடங்கிய ஆள். நிஜத்தில் முன்னால் நின்று பாடியவர் ஹால். ஓட்ஸ் பக்கத்தில் கிட்டாரோடு அமைதியாக நின்றவர். தலைகீழாக மாற்றியதில்தான் ஜோக். பிற்பாடு நடந்தது இன்னொரு வேடிக்கை: 2023 நவம்பரில் நிஜ ஹால், நிஜ ஓட்ஸ் மீது வழக்குப் போட்டார். கூட்டு நிறுவனத்தில் தன் பங்கை ஓட்ஸ் விற்கப் பார்த்தார் என்பது தகராறு.

பாட்டின் கிரெடிட்ஸ் படிக்கப் பழகுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியைத்தான் செய்து பார்ப்பீர்கள் என்றால் இதைச் செய்யுங்கள்.

பழைய ஆங்கில இசைத்தட்டு உறைகளில், எந்தப் பாட்டில் யார் டிரம்ஸ், யார் பேஸ் கிட்டார், யார் பின்குரல் என்று பொடி எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். தொடரை எடுத்த கூட்டம் இந்தப் பொடி எழுத்துகளைப் படித்துப் படித்து வெறிபிடித்தவர்கள். மறுபடி மறுபடி அதே பத்துப் பதினைந்து பெயர்கள் வருவதைப் பார்த்திருக்கிறார்கள். அப்படியானால் இவர்கள் எல்லாரும் ஒரே படகுத்துறையில் அரட்டை அடித்துக்கொண்டிருந்திருப்பார்கள் என்று கற்பனையை அவிழ்த்துவிட்டார்கள். கதை நடக்கும் இடம் மரீனா டெல் ரே படகுத்துறை. நிஜத்தில் அவர்கள் கூடிய இடம் ஜன்னல் இல்லாத ஸ்டூடியோ அறைகள்.

செய்முறை எளிது. எபிசோடில் ஒரு பாட்டு வந்ததும் அதன் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். டிஸ்காக்ஸ் தளத்தில் அந்த ஆல்பத்தைத் தேடினால் உறையின் படமும் வாசித்தவர்கள் பட்டியலும் இருக்கும். ஸ்பாட்டிஃபை மாதிரி செயலிகளிலும் பாட்டின் பக்கத்தில் கிரெடிட்ஸ் உண்டு, ஆனால் பழைய ஆல்பங்களுக்கு அரைகுறையாகத்தான் இருக்கும். பட்டியலில் ஒரே ஒரு பெயரைப் பிடித்துக்கொண்டு அடுத்த ஆல்பத்துக்குத் தாவுங்கள். எல்லாப் பெயர்களையும் ஒரே நேரத்தில் துரத்தினால் தலை சுற்றும்.

உதாரணத்துக்கு ஜெஃப் போர்க்காரோவைப் பிடியுங்கள். டோட்டோவின் டிரம்மர். 1975-இல் ஸ்டீலி டானின் ‘கேட்டி லைட்’ ஆல்பத்தில் ஏறக்குறைய முழுக்க வாசித்திருப்பவர் இவர், அப்போது இளைஞர். அதே ஆல்பத்தில் பின்குரல் யார் என்று பார்த்தால், மெக்டொனால்ட். அடுத்த வருடம் பாடகர் பாஸ் ஸ்காக்ஸின் ‘சில்க் டிக்ரீஸ்’ ஆல்பம். அங்கே போர்க்காரோவோடு டேவிட் பெய்ச்சும் டேவிட் ஹங்கேட்டும் இருக்கிறார்கள். இந்த மூவரும் பிறகு டோட்டோவைத் தொடங்கியவர்கள். 1982-இல் டோட்டோவின் நான்காவது ஆல்பம், அதில் ‘ரோஸானா’. அதே ஆண்டு மெக்டொனால்டின் ‘ஐ கீப் ஃபர்கெட்டின்’. டிரம்ஸ் போர்க்காரோ, கிட்டார் டோட்டோவின் ஸ்டீவ் லூக்கதர், பேஸ் லூயிஸ் ஜான்சன். அதே ஆண்டு கடைசியில் மைக்கேல் ஜாக்சனின் ‘திரில்லர்’. ‘பீட் இட்’ பாட்டில் டிரம்ஸ் யார்? அதே போர்க்காரோ. ‘பில்லி ஜீன்’ பாட்டின் பேஸ்? அதே லூயிஸ் ஜான்சன்.

ஒரு பெயரைப் பிடித்து ஏழு வருடம் நடந்திருக்கிறோம், ஸ்டீலி டானில் தொடங்கி ‘திரில்லர்’ வரை வந்துவிட்டோம். தொடரில் மைக்கேல் ஜாக்சனும் டோட்டோவும் சந்திக்கும் காட்சி வரும்போது, யாரோ கிறுக்குத்தனமாக எழுதியது என்று இனி நினைக்க மாட்டீர்கள்.

‘ரோஸானா’வை விட்டுவிட்டுப் போக மனமில்லை. போர்க்காரோ அதில் அடித்திருப்பது பாதிவேக ஷஃபிள் தாளம். பெர்னார்ட் பர்டி என்ற மூத்த டிரம்மர் ஸ்டீலி டானின் ‘ஹோம் அட் லாஸ்ட்’டில் அடித்ததையும், லெட் ஸெப்பலினின் ஜான் போனம் ‘ஃபூல் இன் த ரெயின்’னில் அடித்ததையும் குழைத்து, நடுவில் ராக் அண்ட் ரோல் முன்னோடி போ டிட்லியின் தாளத்தையும் கலந்ததாக அவரே விளக்கியிருக்கிறார். இடது கை ஸ்னேர் டிரம்மில் மெல்லிசாகத் தட்டிக்கொண்டே இருக்கும். காதில் தனியாக விழாது, ஆனால் அதை எடுத்துவிட்டால் பாட்டு நொண்டும். இன்றைக்கும் டிரம்ஸ் கற்கிறவர்கள் இந்தத் தாளத்தோடு மல்லுக்கட்டுகிறார்கள். தொடரின் ‘ரோஸானா’ எபிசோடில் இதைப் பற்றி மூச்சே இல்லை. நடிகை ரோஸானா ஆர்க்கெட்டைச் சுற்றித்தான் கதை. பாட்டுக்குப் பெயர் அவரிடமிருந்து வந்தது நிஜம். அப்போது அவர், டோட்டோவில் இருந்த ஜெஃபின் தம்பி ஸ்டீவ் போர்க்காரோவின் காதலி. ஆனால் பாட்டை எழுதியவர் பெய்ச், பாட்டு முழுக்க அவரைப் பற்றியதல்ல என்றும் சொல்லிவிட்டார்.

‘ஹியூமன் நேச்சர்’ கதையும் அப்படித்தான். பள்ளிக்கூடத்தில் மனம் நொந்து வந்த மகளைத் தேற்றும்போது ஸ்டீவ் போர்க்காரோவுக்குத் தோன்றிய மெட்டு அது. தயாரிப்பாளர் க்வின்ஸி ஜோன்ஸுக்கு பெய்ச் தன் பாட்டுகளை ஒரு கேசட்டில் அனுப்பியிருக்கிறார். கேசட்டின் மறுபக்கத்தில் இந்த மெட்டு தப்பித்தவறி இருந்திருக்கிறது. ஜோன்ஸுக்குப் பிடித்தது மறுபக்கம்தான். வரிகளை ஜான் பெட்டிஸ் எழுத, ‘திரில்லர்’ ஆல்பத்தில் இடம் கிடைத்தது.

‘பெக்’ பாட்டின் கிட்டார் சோலோவுக்கும் இப்படி ஒரு கதை உண்டு. பெரிய பெரிய கிட்டார்காரர்களைக் கூப்பிட்டு வாசிக்க வைத்து, ஒவ்வொன்றையும் வேண்டாம் என்று தூக்கிப்போட்டார்கள். கடைசியில் ஜே கிரேடன் வாசித்ததுதான் தேறியது. அந்தப் பெயரையும் குறித்து வையுங்கள். எர்த், விண்ட் அண்ட் ஃபயர் பாடிய ‘ஆஃப்டர் த லவ் ஹாஸ் கான்’ பாட்டை எழுதிய மூவரில் ஒருவராக அடுத்து எதிர்ப்படுவார்.

தேடிக்கொண்டு போனால் தொடர்கூட எழுதத் துணியாத விஷயம் தட்டுப்படும். மெக்டொனால்டை டூபி பிரதர்ஸுக்குக் கூட்டிவந்தவர் ஜெஃப் ‘ஸ்கங்க்’ பாக்ஸ்டர், ஸ்டீலி டானில் முன்பு கிட்டார் வாசித்தவர். இவர் பிற்காலத்தில் அமெரிக்க அரசுக்கு ஏவுகணைத் தடுப்பு ஆலோசகர் ஆனார். இது புளுகு இல்லை.

எந்த வரிசையில் பார்ப்பது

வரிசையாகவே பாருங்கள். நட்பு, துரோகம் என்று மெல்லிய ஒரு கதை ஓடுகிறது, தாவினால் அறுந்துவிடும். சலித்துப்போனால் கடைசி இரண்டு எபிசோடுகளையாவது விடாதீர்கள்.

எபிசோடுகள் இவ்வளவு சிறியதாக, இவ்வளவு வேகமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. இவை ‘சேனல் 101’ என்ற மாதாந்தரக் குறும்படப் போட்டிக்காக எடுக்கப்பட்டவை. டேன் ஹார்மனும் ராப் ஷ்ராபும் தொடங்கிய போட்டி அது. படம் ஐந்து நிமிடத்துக்குள் இருக்க வேண்டும். பார்வையாளர்கள் ஓட்டுப் போடுவார்கள். முதல் ஐந்து இடத்துக்குள் வந்தால் அடுத்த மாதம் இன்னொரு எபிசோட் எடுக்கலாம், இல்லாவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான். 2005 ஜூனில் தொடங்கிய ‘யாட் ராக்’, 2006 ஜூனில் ஓட்டுக் குறைந்து பத்தாவது எபிசோடோடு வெளியேறியது. அதற்குள் இணையத்தில் பரவிவிட்டதால் 2007-இல் ஒன்று, 2010-இல் ஒன்று என்று சொந்தமாக எடுத்து முடித்தார்கள். பதினோராவதில் நடிகர் ஜேசன் லீ வந்து, ‘ஃபுட்லூஸ்’ படத்தின் நாயகன் கெவின் பேக்கனாக நடிப்பார். அந்தப் படத்துக்கு லாகின்ஸ் பாடிய கதை அது.

‘ஐ கீப் ஃபர்கெட்டின்’ எபிசோட் திடீரென்று 1994-க்குத் தாவும். குழம்ப வேண்டாம். ராப் பாடகர் வாரன் ஜி, அந்த ஆண்டு ‘ரெகுலேட்’ பாட்டை இந்த மெக்டொனால்ட் பாட்டின் மேல்தான் கட்டினார். வான் ஹேலன் வருகிற எபிசோடிலும் அதே மாதிரி, இந்த முரட்டு ராக்கர்களுக்கு இங்கே என்ன வேலை என்று தோன்றும். டெட் டெம்பிள்மன் என்ற ஒரே தயாரிப்பாளர்தான் டூபி பிரதர்ஸையும் வான் ஹேலனையும் பதிவு செய்தார். வான் ஹேலனின் ‘ஐ’ல் வெயிட்’ பாட்டை எழுதியதில் மெக்டொனால்டுக்குப் பங்கு உண்டு.

மூலக்காரர்கள் என்ன சொன்னார்கள்

மெக்டொனால்டும் லாகின்ஸும் சிரித்துக்கொண்டே ஏற்றுக்கொண்டார்கள். 2017-இல் தண்டர்கேட் என்ற இளம் பேஸ் கலைஞர் இருவரையும் சேர்த்து ‘ஷோ யூ த வே’ என்று ஒரு பாட்டே பாட வைத்தார். கேட்க வேண்டிய பாட்டு. ஓட்ஸ், தங்கள் இருவரின் பெயருக்குப் புதுமவுசு வந்ததே இந்தத் தொடரிலிருந்துதான் என்றார், அதில் தான் வில்லனாக வந்தும். ஹாலுக்கு ‘யாட் ராக்’ என்ற முத்திரையே பிடிக்காது. தாங்கள் வாசித்தது ஆர் அண்ட் பி, அதற்குப் படகுப் பெயர் எதற்கு என்பது அவர் எரிச்சல். என் ஓட்டு பாதி அவருக்கு. இந்த இசையின் அடிவேர் கறுப்பர் இசையும் ஜாஸும்தான். மெக்டொனால்டின் பாட்டுகளைக் கறுப்பர் வானொலிகளும் ஒலிபரப்பின. படகும் வெள்ளைக் கால்சட்டையும் முன்னால் வந்து நின்றதில் அந்த வேர் மறைந்துபோனது உண்மை. ஆனால் தொடர் அதை மறைத்தது என்று சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டேன். கறுப்பினப் பாடகர்களான ஜேம்ஸ் இங்க்ரமும் வாரன் ஜியும் அதில் பாத்திரங்களாக இருக்கிறார்கள்.

தொடரை முடித்த பிறகு, 2024 நவம்பரில் எச்பிஓ வெளியிட்ட ஆவணப்படத்தைப் பாருங்கள். கேரட் பிரைஸ் இயக்கியது. மெக்டொனால்ட், லாகின்ஸ், கிராஸ், டோட்டோ ஆட்கள் எல்லாரும் நேரில் பேசுகிறார்கள். கிராஸ் தன் முதல் ஆல்பத்துக்கே 1981 கிராமியில் நான்கு முக்கிய விருதுகளையும் ஒரே இரவில் வாங்கியவர். 2020-இல் பில்லி ஐலிஷ் வரும்வரை வேறு யாரும் அதைச் செய்யவில்லை. தொடரில் வரும் கூச்சப் பையனை நினைத்துக்கொண்டு அவர் பேசுவதைக் கேளுங்கள். ஸ்டீலி டானின் டோனால்ட் ஃபேகன் மட்டும் தொலைபேசியில் இயக்குநரிடம் ஒரு கெட்ட வார்த்தை சொல்லி வைத்துவிடுகிறார். படத்தில் அதையும் வைத்திருக்கிறார்கள்.

வாதத்தில் இறங்கும் முன்

இந்தத் தொடர் வருவதற்கு முன் ‘யாட் ராக்’ என்ற பெயரில் ஒரு இசை வகையை யாரும் சொன்னதில்லை. லாகின்ஸும் அப்போது அவரோடு ஜோடியாகப் பாடிய மெஸ்ஸினாவும் பாய்மரப் படகில் நிற்கும் 1973 ஆல்பத்தின் உறையைப் பார்த்துத்தான் ரைஸ்னருக்கு இந்தப் படகு யோசனை. இன்றைக்கு வானொலி அலைவரிசை, கேப்டன் தொப்பி போட்ட கச்சேரிக் குழு என்று பெரிய வியாபாரம். அதில் பாதி, தொடரைப் பார்க்காதவர்கள் நடத்துவது. கடலும் வெயிலும் பாட்டில் வந்தால் போதும் என்று ஜிம்மி பஃபட், ஃபிளீட்வுட் மாக், ஈகிள்ஸ் எல்லாரையும் உள்ளே ஏற்றிவிடுவார்கள்.

தொடரை எடுத்த நால்வர் இதைப் பார்த்து நொந்துபோய், 2016-இல் ஒரு பாட்காஸ்ட் தொடங்கி ‘யாட்ஸ்கி’ என்ற அளவுகோலை வைத்துப் பாட்டுகளுக்கு 100-க்கு மார்க் போட ஆரம்பித்தார்கள். 50-க்கு மேல் போனால்தான் யாட். மார்க் எப்படி விழுகிறது என்று பார்த்தால் சூத்திரம் புரிந்துவிடும்: லாஸ் ஏஞ்சலிஸ் ஸ்டூடியோ ஆட்கள் வாசித்திருக்க வேண்டும், ஜாஸ் அல்லது ஆர் அண்ட் பி சாயல் இருக்க வேண்டும், பதிவு துடைத்து வைத்ததுபோல இருக்க வேண்டும். அந்தக் கூட்டத்தில் யாராவது, முக்கியமாக மெக்டொனால்ட், எங்காவது ஒளிந்துகொண்டிருந்தால் கூடுதல் மார்க். படகு வரவேண்டும் என்ற நிபந்தனையே கிடையாது.

நீங்களும் போட்டுப் பார்க்கலாம். பாட்டைக் கேட்டு மனத்துக்குள் ஒரு மார்க் போடுங்கள், அப்புறம் கிரெடிட்ஸ் பாருங்கள், அப்புறம் அவர்கள் பட்டியலோடு ஒப்பிடுங்கள். சில இடங்களில் அவர்கள் ரொம்பக் கறார். எனக்குச் சண்டை உண்டு. ஈகிள்ஸ் விஷயத்தில் மட்டும் அவர்களோடு முழுசாக ஒத்துப்போகிறேன், அது யாட் இல்லை. ஈகிள்ஸ் விசிறி யாராவது பக்கத்தில் இருந்தால் இந்த வரியை உரக்கப் படிக்காதீர்கள்.